எட்டு நூலுக்கு இருபத்து நான்கு

எங்கள் தொழிற்சாலையில் கடைசியாக மிச்சமிருந்த இஞ்ச் பிரஸ்ஸையும் போன மாதம் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்களாம். இப்போது அளவுக் கருவிகளின் அறையைப் பார்த்துக்கொள்ளும் ரேவதி போனில் சொன்னார். கையோடு ஒரு வேண்டுகோளும் வைத்தார். "சார், நம்ம ஆண்டு மலருக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன். இஞ்ச்சும் மில்லிமீட்டரும் கலந்து ஓடின காலத்தைப் பத்தி, ஜாலியா ரெண்டு பக்கம்."

ஜாலியாக எழுதச் சரக்கு இல்லாமல் இல்லை. குழாயை இஞ்ச்சிலும் அதன் மூடியை மில்லியிலும் வாங்கி வந்து, மாட்ட முடியாமல் திருதிருவென்று முழித்த சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். மாப்பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்லிப் பெண் வீட்டாரைக் குழப்பியடித்த கிளார்க் ஒருவர் இருந்தார். இவர்களை வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கம் தாண்டியதும் எங்கள் ஃபிட்டர் ஆரோக்கியம் நினைவில் வந்து குறுக்கே நின்றுகொண்டார். அதற்கு மேல் ஜாலி ஓடவில்லை. ரேவதி, இது மலருக்கு ஆகாது என்று பட்டால் தாராளமாகத் தள்ளிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் தனபால். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பைக் காய்ச்சி அடித்து உருக்கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். இன்று அங்கே இருப்பவர்களுக்கும் அன்று நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. என் அப்பா அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர். ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருடம் மெஷின் துடைத்து, எடுபிடியாக ஓடி, மூன்றாம் வருடம் அளவுக் கருவி அறைக்குள் போனேன். தொழிற்சாலையிலேயே ஏ.சி. போட்ட ஒரே அறை அதுதான். கசங்காத சட்டையோடு வீடு திரும்பிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் எதை இழக்கப் பயந்தேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அறைக்கு மேலதிகாரி பத்மநாபன் சார். நான் பார்த்தவர்களிலேயே மெதுவான மனிதர். காலையில் வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் விரலாகத் துடைப்பார். ஷாப்பிலிருந்து, அதாவது மெஷின்கள் ஓடும் பெரிய கொட்டகையிலிருந்து, ஒரு உருப்படி அளக்க வந்தால் அதை மேஜையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தொட மாட்டார். எங்களையும் தொட விட மாட்டார். வெளி வெயிலில் இருந்து வந்த இரும்பு, அறையின் இருபது டிகிரிக்கு இறங்க வேண்டும். "ஆறட்டும் தனபால். சூட்டுல எல்லாரும் கொஞ்சம் கூடுதலாத்தான் சொல்வாங்க" என்பார். ஆறிய பிறகு மான் தோலால் துடைத்து, மைக்ரோமீட்டரை விரல் நுனியால் திருகி, மூன்று முறை அளந்து, மூன்றையும் மையால் பதிவேட்டில் எழுதுவார். அடித்தல் திருத்தல் இருக்காது. அளவு பிசகியிருந்தால்கூட 'தப்பு' என்று சொல்ல மாட்டார். "கொஞ்சம் வித்தியாசம் இருக்கு" என்பார். எத்தனை பெரிய பிசகானாலும் அவருக்கு அது கொஞ்சம் வித்தியாசம்தான்.

முதல் நாளே என்னை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுண்டு. "ஒரு இஞ்ச் முழுசா இருபத்தஞ்சு புள்ளி நாலு மில்லி. அதுல தள்றதுக்கும் ஒண்ணுமில்ல, சேக்கறதுக்கும் ஒண்ணுமில்ல."

ஷாப்பில் நிலவரம் வேறு. எங்களிடம் இருந்த பெரிய பிரஸ்களில் இரண்டு, எங்கோ மூடிய ஆலையிலிருந்து ஏலத்தில் வந்தவை. அவற்றின் துளை, போல்ட், மரை எல்லாம் இஞ்ச் கணக்கு. பிறகு வாங்கியவை எல்லாம் மில்லி. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே ஓடின. ஃபிட்டர்களோ இஞ்ச்சும் பேச மாட்டார்கள், மில்லியும் பேச மாட்டார்கள். அவர்கள் பேசுவது நூல். ஒரு இஞ்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். நாலு நூல் என்றால் அரை இஞ்ச். கொத்தனாரும் தச்சரும் இன்றைக்கும் சொல்வதுதான். மில்லிக்கு மாற்ற அவர்களிடம் ஒரு சுருக்கு வழி இருந்தது: நூலுக்கு மூணு. கேஸ்கட் வெட்டவும் ஆங்கிள் அறுக்கவும் அது போதும். சரியாகப் பார்த்தால் ஒரு நூல் மூன்று மில்லிக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் கொஞ்சத்தை யாரும் சட்டை செய்யவில்லை.

ஒப்பந்தத்தில் புது ஆட்கள் நிறைய வந்த ஒரு வருடம், துளை போடும்போது அளவு மாறி மாறி உருப்படிகள் கெட்டுப்போயின. "ஒரு அட்டவணை எழுதி டூல் ரூம் செவுத்துல ஒட்டு" என்றார் பத்மநாபன் சார். டூல் ரூம் என்பது ஷாப்பில் ஃபிட்டர்கள் சாமான் எடுக்கும் அறை. நல்ல தாளில், 3.175, 6.35 என்று புள்ளி வைத்து, ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டு ஒட்டினேன். மறுநாளே கேலி ஆரம்பித்துவிட்டது. பலமாகச் சிரித்தவர் ஆரோக்கியம்.

ஆரோக்கியம் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். என்னைவிட மூன்று வயது சின்னவர். பிரஸ்ஸில், இரும்புக்கு உருக்கொடுக்கும் அச்சை மாற்றும் ஃபிட்டர். மே மாதத்தில் கையில் ஒரு வெர்னியர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, சரிபார்க்க வந்த பாவனையில் எங்கள் அறைக்குள் நுழைந்து ஏ.சி.க்கு நேராக இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போவார். "சும்மா நின்னுக்கினு போறேன் ணா, பெரியவரு பாத்தா வெர்னியருக்கு ஜொரம்னு சொல்லு" என்பார்.

அன்று அவர் சொன்னது, "இன்னாணா இது, புள்ளி புள்ளியா வச்சு கோலம் போட்டுக்கீற? எங்களுக்கு கோலத்துக்கெல்லாம் டைம் இல்ல. நூலுக்கு மூணுன்னு போடு, ஒயுங்கா வேலய பாப்போம்."

நான் போட்டேன். முதல் தாளை எடுத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தடிமனான மார்க்கரால் எழுதி ஒட்டினேன். ஒரு நூல் மூன்று, இரண்டு நூல் ஆறு என்று ஆரம்பித்து, எட்டு நூல் இருபத்து நான்கு என்று முடித்தேன். எங்கள் அறையிலிருந்து போகும் எந்தத் தாளிலும் எழுதியவன் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது பழக்கம். அதையும் இட்டேன். எட்டு நூல் முழுதாக ஒரு இஞ்ச், அது இருபத்தைந்து புள்ளி நான்கு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஏ.சி. அறைக்காரன் என்று ஒதுக்கி வைத்திருந்தவர்கள் "நம்ம தனபாலு போட்ட சீட்டு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தச் சொல்லுக்கு நான் மயங்கிவிட்டேன்.

பத்மநாபன் சார் ஒருநாள் அந்தத் தாளின் முன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். "மேல, 'முரட்டு வேலைக்கு மட்டும்'னு ஒரு வரி எழுதிடு" என்றார். சரி சார் என்றேன். கையில் மார்க்கர் இல்லை. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. நாலு வருடம் அந்தத் தாள் அப்படியே தொங்கியது.

அச்சுக் கட்டையைத் தூக்குவது எப்படி என்று சொன்னால்தான் மேற்கொண்டு விளங்கும். அது முக்கால் டன் எடையுள்ள இரும்புக் கட்டை. அதன் பக்கத்தில் திருகு மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் தலைக்கு வளையம் உள்ள இரண்டு போல்ட்டுகளைத் திருகி, வளையத்தில் சங்கிலி மாட்டிக் கிரேனால் தூக்குவார்கள். பழைய பிரஸ்ஸின் கட்டைகளுக்கு ஒரு இஞ்ச் வளைய போல்ட் வேண்டும். தேய்ந்துபோன இஞ்ச் போல்ட்டுகளை அந்த நாலாவது வருடம் கழித்துக் கட்டினார்கள். மிஞ்சியது ஒரே ஜோடி. புதிதாக வந்தவை எல்லாம் இருபத்து நான்கு மில்லி போல்ட்டுகள், புதிய கட்டைகளுக்கானவை.

ஒரு நாள் காலை நாஷ்டா முடிந்து வந்த ஆரோக்கியத்துக்கு அவசரமாக அச்சு மாற்றச் சொல்லி உத்தரவு. இஞ்ச் ஜோடி அடுத்த பிரஸ்ஸில் மாட்டியிருந்தது. கட்டையில் 'ஒரு இஞ்ச்' என்று பொறித்திருந்ததை அவர் பார்த்தார். டூல் ரூமுக்கு வந்தார். சுவரைப் பார்த்தார். எட்டு நூலுக்கு இருபத்து நான்கு. பலகையிலிருந்து இருபத்து நான்கு மில்லி ஜோடியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் போல்ட் அந்தத் துளைக்குள் போகவே போகாது என்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. போகும் என்பதுதான் பயங்கரம். போல்ட் ஒல்லி, துளை பெரிது. கையாலேயே நாலு சுற்றுப் போகும். அதற்குள் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி மெல்ல விலகிக்கொண்டே வந்து, நாலாவது சுற்றில் சிக்கிக்கொள்ளும். திருகுகிறவன் கைக்கு அது கச்சிதமாக இறுகிவிட்டது போலவே தெரியும். ஆரோக்கியத்தின் கைக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. மேலும் ஒரு கம்பியைக் கொடுத்து முடுக்கியும் இருக்கிறார். பிடித்திருந்தது மரையின் நுனி மட்டும்தான்.

கட்டை இடுப்புயரம் எழும்பியது. அது ஆடாமலிருக்க அவர் வலது கையால் பிடித்து பிரஸ் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு போல்ட் பிடுங்கிக்கொண்டது. கட்டை சாய்ந்து வந்து கையைப் பிரஸ் மேஜையோடு வைத்து நசுக்கியது. சத்தம் கேட்டு நான் ஓடினேன். அவர் கத்தவில்லை. "கட்டய தூக்குங்கடா, கட்டய தூக்குங்கடா" என்று சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆம்புலன்ஸ் போன பிறகு நான் டூல் ரூமுக்குப் போனேன். எனக்கு முன்னால் பத்மநாபன் சார் அங்கே இருந்தார். ஈரத் துணியால் தாளின் ஓரங்களை நனைத்து, ஊறும்வரை பொறுத்திருந்து, ஒரு பிளேடால் கிழியாமல் உரித்து எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சார், அது நான் எழுதினது" என்றேன்.

"தெரியும். நான் ஒட்டச் சொன்னது" என்றார். "கேட்டா சொல்லலாம் தனபால். கேக்காம நாமளா எதுவும் சொல்ல வேணாம்."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது ஆறுதல். வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆறுதல்தான்.

மறுவாரம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரோக்கியம் மருந்து மயக்கத்தில் இருந்தார். அவர் மனைவி மேரி வராண்டாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, நீங்க அளவு டிப்பாட்மென்ட்டு. நீங்களே சொல்லுங்க. அளந்து பாத்துட்டு மாட்டியிருந்தா கை போயிருக்காது இல்ல?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு அழ, நான் சாத்துக்குடிப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.

கம்பெனி ஆரோக்கியத்தின் மேல் குற்றப்பத்திரிகை கொடுத்தது. அளவு பார்க்காமல் தவறான போல்ட்டை மாட்டினார், கவனக்குறைவு. விசாரணையில் அது நிரூபணமானால் வேலை போய்விடும். கம்பெனியின் பக்கம் தவறு என்று வந்தால் கேட்டிலோ ஸ்டோரிலோ உட்கார வைத்து ஓய்வு பெறும்வரை வேலை கொடுத்தாக வேண்டும். ஒரு கை இல்லாத ஃபிட்டருக்கு இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி கிடையாது.

கேன்டீனுக்கு மேலே இருந்த அறையில் விசாரணை நடந்தது. திருவள்ளூரிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். ஆரோக்கியம் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டூல் ரூம் செவுத்துல சீட்டு இருந்துச்சு சார். எட்டு நூலுக்கு இருபத்து நாலுன்னு போட்டு இருந்துச்சு. அத்தப் பாத்துதான் எடுத்தேன்" என்றார்.

"யார் எழுதினது?"

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். சும்மா ஒரு பார்வைதான். "தெரியல சார்" என்றார்.

பத்மநாபன் சார் எழுந்து, அப்படி ஒரு ஆவணம் எங்கள் பதிவேட்டில் இல்லை என்றார். அது உண்மை. காலண்டர் தாளுக்கு யார் பதிவு எண் போடுவார்கள்?

தன் தரப்புச் சாட்சியாக ஆரோக்கியம் என்னை அழைத்தார். கேள்வியையும் அவரே கேட்டார். ஷாப்பில் என்னிடம் பேசும் அதே குரலில்தான் கேட்டார்.

"அண்ணா, ஒரு இஞ்ச்னா எத்தினி மில்லி?"

"இருபத்தஞ்சு புள்ளி நாலு."

"அது புக்குல ணா. நம்ம ஷாப்புல எத்தினி?"

நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் குறுக்கிட்டார். "இஞ்ச் எல்லா இடத்துலயும் இஞ்ச்தான்ப்பா. வேற ஏதாவது இருந்தா கேளு." ஆரோக்கியம் வேறெதுவும் கேட்கவில்லை. என் பதிலுக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார். வக்கீல் தடுத்தது கேள்வியைத்தான், என் வாயை அல்ல. நான் பேசியிருக்கலாம். அந்த அறையில் இருந்த எல்லாரும் எனக்கு அவகாசம் கொடுத்தது மாதிரி ஒரு நிமிடம் அமைதியாக இருந்தார்கள். எனக்கு ஏ.சி. அறை கண்ணில் தெரிந்தது. அப்பாவின் கால் வெடிப்பு தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். சாட்சி முடிந்தது என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஆரோக்கியத்தின் வேலை போயிற்று. நான் அதே அறையில் மேலும் பதினெட்டு வருடம் இருந்தேன். பத்மநாபன் சார் ஓய்வு பெற்ற நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைசியில், "ஆற வச்சு அள, தனபால்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருடத்தில் காலமாகிவிட்டார். அவர் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். நான் முதலில் செய்தது, சுவரில் கையெழுத்துத் தாள் எதுவும் ஒட்டக் கூடாது என்று உத்தரவு போட்டதுதான். என் கண்டிப்பைப் பற்றி ரேவதி தலைமுறை பெருமையாகப் பேசும். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். இஞ்ச் பிரஸ் லாரி ஏறியதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

இதுவரை எழுதிவிட்டு, போன வாரம் நான் இப்போது இருக்கும் மீஞ்சூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஊத்துக்கோட்டை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஆரோக்கியத்தின் ஊருக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. முன்பே ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். "தனபாலண்ணாவா? இன்னாணா, இப்டி எளச்சிப் போய்க்கீறீங்க? வாங்க, குந்துங்க" என்று இடது கையால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை நின்றபடியே சொன்னேன். "ஆரோக்கியம், அந்தச் சீட்டை எழுதினது நான்."

"தெரியாதா இன்னா?" என்றார். "எதிருல நின்னு எழுதச் சொன்னவனே நான்தான? கீய உங்க இன்ஷியல் வேற."

"அப்புறம் ஏன் அன்னைக்கு என் பேரைச் சொல்லல?"

"நா சொன்னா அது காட்டிக் குடுக்குறது ணா. நீங்க சொன்னாத்தான் சாட்சி. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் உங்கள கூப்ட்டேன்."

நான் அழுதேன். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

பிறகு அவராகவே பேசினார். "வேல போனத உடுங்க. எப்டியோ காலம் ஓடிப்போச்சு, கோழிப் பண்ணையில வாட்ச்மேனா இருந்தேன். இவதான் ணா..." என்று உள்ளே கை காட்டினார். சுவரில் மேரியின் படம் மாலை போட்டு மாட்டியிருந்தது. "போன தையில போய்ட்டா. கடசி வரைக்கும் என் அவசரத்தாலதான் கை போச்சுன்னு சொல்லிக்கினே இருந்தா. சீட்டு இருந்துச்சுடின்னா நம்ப மாட்டா. தனபாலண்ணனே ஆமான்னு சொன்னாரே, அவரு பொய் சொல்லுவாரான்னு கேப்பா. எம் புள்ளைங்களும் அத்தக் கேட்டுத்தான் வளந்துச்சுங்க."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேன்.

"பெரியவன் காக்களூர்ல கம்பெனியில கீறான். ஷிப்ட்டு முடிஞ்சி ஆறு மணிக்கி வருவான்" என்றார். மணி நாலேகால்.

காத்திருந்தேன். ஆறு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. முப்பது வயதிருக்கும், அப்பாவின் முகம், தோளில் சாப்பாட்டுப் பை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "யாரு நைனா?" என்றான். ஆரோக்கியம் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். விசாரணை அறையில் பார்த்த அதே பார்வை.

நான் எழுந்து நின்று, என் பெயரிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.